பதினைந்தாம் தேதியின் கடைசி ரயில்

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு வினோதா படியேறி வந்தாள். கையில் கைப்பேசியை இறுக்கிப் பிடித்திருந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கி அப்படியே மேஜைமேல் வைத்தாள். கண் மட்டும் கைப்பேசியைவிட்டு அகலவில்லை.

ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் இருந்தது அந்தத் தனியார் துப்பறியும் அலுவலகம். அதை நடத்தும் மாதேஸ்வரிக்கு ஐம்பது வயது. வாகன உதிரிபாகம் அடிக்கும் பிரஸ் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதியவர். மனிதர்கள் எதில் பொய் சொன்னாலும் கடைசியில் நேரத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள் என்பது அவர் அங்கே கற்றது. உதவிக்கு இருக்கும் சென்றாயன் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நாற்பத்தைந்து வயதிலும் எதையும் முதல் ஆளாகக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று துடிப்பார். கண்டுபிடிக்கவும் செய்வார், பெரும்பாலும் தப்பாக.

"எங்க வூட்டுக்காரரக் காணோம்க்கா" என்றாள் வினோதா. "தினேஷ்குமாரு. முன்னாடி உங்க கம்பெனியிலதான் கான்ட்ராக்ட் எலக்ட்ரீசியனா இருந்தாரு."

"தெரியும். நேரத்துக்கு வர்ற ஆளு. எப்ப இருந்து காணோம்?"

"நேத்து ஞாயித்துக்கிழம மத்தியானம் பெங்களூரு வேலைக்குப் போனாரு. இப்ப அங்க லிப்ட் ரிப்பேர் கம்பெனியில இருக்காருக்கா. தெனமும் கடைசி மெட்ரோவுல பொம்மசந்திரா வந்து, பன்னெண்டரைக்கு எறங்கி, அங்கிருந்து ஆஞ்சப்பன் வேன்ல ஓசூரு வந்துருவாரு. சனிக்கிழம ராத்திரிதான் மெட்ரோ இல்லாம, லாரி புடிச்சு மூணு மணிக்கு வந்தாரு. நேத்து வரவே இல்ல. இது மட்டுந்தான் வந்துச்சு."

கைப்பேசியை நீட்டினாள். இரவு ஒன்று பத்துக்கு, தினேஷ்குமாரின் எண்ணிலிருந்து: 'பன்னிரண்டு மணிக்கு மேல் மெட்ரோ இல்லை, பராமரிப்பு வேலை. நண்பன் ரூமில் தங்கிக்கொள்கிறேன். காலையில் வருகிறேன்.' அதற்குப் பிறகு எண் அணைந்துவிட்டது.

"ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க?"

"இங்க போனா, 'அவரு தமிழ்நாட்டுக்குள்ளயே வரலியே, அந்தப் பக்கம் போய் எழுதிக் குடு'ன்றாங்க. அந்தப் பக்கம் போனா, 'நீங்க ஓசூருக்காரங்க தானே, அங்கயே குடு'ன்றாங்க. ரெண்டு நாள் பாருன்னாங்க. எனக்கு ரெண்டு நாள் இல்லக்கா. நாளைக்குப் பதினொரு மணிக்குக் கிருஷ்ணகிரி லேபர் ஆபீஸ்ல விசாரண."

விசாரணை என்ன என்பதை அவள் அழாமல் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மூன்று மாதத்துக்கு முன்பு அதே கம்பெனியின் பிரஸ் மெஷினில் சுசித்ரா என்ற பெண்ணின் மூன்று விரல்கள் போயின. பர்கூர்க்காரப் பெண். உள்ளே கை போனால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு சென்சார் உண்டு. உற்பத்தி குறைகிறது என்று சூப்பர்வைசர் அழகர்சாமி அதைக் கழற்றச் சொன்னார். கழற்றியவன் தினேஷ்குமார். பெண் கவனக்குறைவாகக் கையை விட்டாள் என்று கம்பெனி எழுதிவிட்டது. உண்மையைச் சொல்ல இருந்தவன் இவன் ஒருவன்தான்.

"அவரு மேலயும் கேஸ் வரும்னு தெரிஞ்சேதான் போறேன்னாரு. நான்தான் வேணாம்னு சண்ட போட்டேன். யாரோ ஒருத்திக்காக நீ ஏன் ஜெயிலுக்குப் போவணும்னு கேட்டேன். நேத்துக் கெளம்பறப்ப மூஞ்சி குடுத்துக்கூடப் பேசலக்கா" என்றாள்.

"அவர் சாட்சி சொல்லப் போறது யார் யாருக்குத் தெரியும்?"

"அழகர்சாமி சாருக்கு. லேபர் கான்ட்ராக்டர் முனிவேலுக்கு. சுசித்ராவ வேலைக்கு விட்டதே அவருதான். அப்புறம் வேன்காரர் ஆஞ்சப்பன். வேன் முனிவேலு கான்ட்ராக்ட்லதான் ஓடுது."

"அழகர்சாமியை நல்லாத் தெரியும்" என்றார் மாதேஸ்வரி. "மதுரைப் பக்கம். எத்தனையோ வருஷமா ராத்திரி ஷிப்ட்தான். லீவ் லெட்டர்ல எப்பவும் ஒரே காரணம்: பர்கூர்ல மச்சானோட கிரானைட் பட்டறை, அங்க மோட்டார் ரிப்பேர். அந்தப் பட்டறையை மூடின அப்புறமும் மோட்டார் ரிப்பேராயிட்டே இருந்துச்சு. ஞாயிறு அவருக்கு வார விடுமுறை."

சென்றாயன் அதற்குள் ஆஞ்சப்பனைக் கைப்பேசியில் பிடித்து வரவழைத்துவிட்டார். ஆஞ்சப்பன் வாசலிலேயே நின்றார். நெற்றியில் வியர்வை.

"நேத்து நான் நின்னேன் அக்கா. கடைசி வண்டி வந்துச்சு, பன்னெண்டரைக்கு. ஒம்போது பேரு எறங்கினாங்க. தினேசு இல்ல. போன் அடிச்சேன், எடுக்கல. சரி, வேற வண்டியில போயிட்டிருப்பான்னு வந்துட்டேன். எங்க சாமி மாதேஸ்வரன் மேல ஆணை."

அவர் படியிறங்கியதும் சென்றாயன் குதித்தார்.

"மேடம்! மெட்ரோ இல்லன்னு தினேஷே எழுதியிருக்காரு. இல்லாத மெட்ரோவுக்கு இவன் காத்திருந்தானாம், ஒம்போது பேரு வேற எறங்கினாங்களாம்! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறான்."

"ரெண்டுல ஒண்ணு பொய்" என்றார் மாதேஸ்வரி. "எதுன்னு போய்ப் பார்ப்போம். வினோதா, நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க. அழுதாலும் சாப்பிட்டுட்டு அழுங்க."

பொம்மசந்திராவுக்குப் போகும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஜூஜூவாடி தாண்டி எல்லையைக் கடக்கும்போது இருட்டிவிட்டது. நெடுஞ்சாலை ஓரமாகக் கம்பெனி வேலை விட்டவர்கள் தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருவன் நேற்றுக் காணாமல் போயிருக்கிறான், இன்று ஒருவர் முகத்திலும் அதன் அடையாளம் இல்லை என்ற நினைப்பு சென்றாயனுக்கு வந்தது.

மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டருகே அறிவிப்பு இன்னும் ஒட்டியபடி இருந்தது. சென்றாயன் கன்னடத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னார்.

"'பராமரிப்புப் பணி காரணமாக, பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூஜ்யம் மணி முதல் காலை ஏழு மணி வரை ரயில்கள் ஓடாது.' பாத்தீங்களா மேடம்! நேத்துத்தானே பதினஞ்சு? நேத்துத்தானே ஞாயிறு? ஆஞ்சப்பன் மாட்டினான். போலீசுக்குப் போன் போடட்டுமா?"

மாதேஸ்வரி அந்தக் காகிதத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். தலைக்குமேல் ஒரு ரயில் வந்து நின்று புறப்பட்டது. ஜனங்கள் இறங்கி அவரை இடித்துக்கொண்டு போனார்கள்.

"சென்றாயன், சனிக்கிழமை ராத்திரி தினேஷ் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார்னு அந்தப் பொண்ணு சொன்னாங்க?"

"மூணு. லாரியில. ரெண்டு நாளா வேலை நடந்திருக்கு போல."

"அறிவிப்புல எத்தனை நாள் போட்டிருக்கு?"

"ஒரு நாள்."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. போலீஸ் இருக்கட்டும்" என்று அவர் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்ததைச் சென்றாயன் அப்போதுதான் கவனித்தார். "நானும் இப்ப அஞ்சு நிமிஷம் தப்பாத்தான் படிச்சேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அந்தத் தப்பை நான் பண்ணலன்னா இது புரிஞ்சே இருக்காது. வாங்க, ஓசூர் போகலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் தேடறது வீண்."

"அவர் உயிரோட இருக்காரா மேடம்?"

"அது தெரியல" என்றார் மாதேஸ்வரி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்கால் மணிக்கு அவருடைய பழைய டைம் ஆபீஸ் அறையில் விளக்கு எரிந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அதிகாரி, பழைய மரியாதைக்குக் கதவைத் திறந்துவிட்டதோடு, அவர் சொன்ன இரண்டு காரியங்களையும் செய்திருந்தார். ஒன்று, ராத்திரி ஷிப்ட்டில் இருந்த அழகர்சாமியை வேலை முடியுமுன்பே அங்கே வரச் சொல்லியிருந்தார். இரண்டு, எஸ்.ஐ. ஒருவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்திருந்தார்.

முனிவேல் சந்தனப் பொட்டோடு குளித்து முழுகி வந்திருந்தார். ஆஞ்சப்பன் சுவரோரம் ஒடுங்கி நின்றார். வினோதா ஜன்னலருகே இருந்தாள். இரவெல்லாம் தூங்காத கண். கடைசியாக அழகர்சாமி வந்தார். பிரஸ் மெஷின்கள் ஓடும் ஷாப்பில் எல்லாருடைய ஷூவிலும் கறுப்பு எண்ணெய்தான் படிந்திருக்கும். அவருடைய ஷூவின் விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்த சேறு கோலமாவு அப்பியதுபோல இருந்தது. சென்றாயன் அதைப் பார்த்தார். ஆனால் அவர் கவனமெல்லாம் ஆஞ்சப்பன் ஓடிவிடக் கூடாது என்பதில் இருந்தது.

"என்ன மேடம், ஷிப்ட் முடியங்குள்ள கூப்பிட்டு விட்டீங்க?" என்றார் அழகர்சாமி சிரித்தபடி.

"ஒரு நிமிஷம்தான். தினேஷ்குமாரைக் கடைசியா எப்பப் பார்த்தீங்கன்னு மூணு பேரும் ஆளுக்கு ஒரு வரி எழுதி, இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. இந்தப் பொண்ணோட மன நிம்மதிக்கு."

மூவரும் எழுதினார்கள். மாதேஸ்வரி மூன்று தாள்களையும் வாங்கிப் பார்த்து, மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"சென்றாயன், இன்னைக்கு என்ன தேதி?"

"பதினேழு மேடம்."

"முனிவேல் பதினேழுன்னு போட்டிருக்கார். ஆஞ்சப்பன் பதினேழு. அழகர்சாமி பதினாறு."

அழகர்சாமி சத்தமாகச் சிரித்தார். "இதென்னங்க கூத்து? ஷிப்ட் தேதி பதினாறுதான? ராத்திரி பத்துக்கு ஏறுனா காலையில ஆறு வரைக்கும் அந்தத் தேதிதான். நீங்கதான மேடம் எங்களுக்கு அப்படியே போட்டுப் பழக்கிவிட்டது?"

"ஆமா. நான்தான் பழக்கினேன்" என்றார் மாதேஸ்வரி. "அதனாலதான் எனக்குப் புரிஞ்சுது. ஊருக்கெல்லாம் ராத்திரி பன்னெண்டுக்குத் தேதி மாறும். ராத்திரி ஷிப்ட்காரனுக்கு மட்டும் காலையில ஆறு மணிக்குத்தான் மாறும். மெட்ரோ ஊரோட சேர்ந்தது. பதினைந்து, ஞாயிறு, பூஜ்யம் மணியில இருந்து ஏழு மணி வரைன்னா, அது சனிக்கிழமை ராத்திரி விடிஞ்சா ஞாயிறு. அன்னைக்குத்தான் தினேஷ் லாரியில மூணு மணிக்கு வீட்டுக்கு வந்தார். ஞாயித்துக்கிழமை ராத்திரி பன்னெண்டுக்கு மேல தேதி பதினாறு. அன்னைக்கு ரயில் ஒழுங்கா ஓடுச்சு. ஆஞ்சப்பன் சொன்னது நிஜம்."

ஆஞ்சப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சென்றாயன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்ப அந்த மெசேஜ்?" என்று கேட்டாள் வினோதா.

"அதை உங்க வீட்டுக்காரர் எழுதல. முந்தின நாள் ரயில் இல்லாம திண்டாடினவர், பராமரிப்பு வேலை முடிஞ்சிருச்சுன்னு அவருக்குத் தெரியாதா? எழுதினவன் அன்னைக்கு ராத்திரி அந்த நிலையத்துப் பக்கமே போகல. எங்கேயோ அந்த அறிவிப்பைப் பார்த்திருக்கான். பார்த்து, அது ஞாயித்துக்கிழமை ராத்திரின்னு நைட் ஷிப்ட் கணக்குப் போட்டுக்கிட்டான். தினேஷ் எல்லை தாண்டி வரவே இல்லன்னு காட்டணும், ரெண்டு போலீசும் மாத்தி மாத்தி விரட்டணும். அதுதான் திட்டம். அப்படின்னா தினேஷ் இந்தப் பக்கம்தான் இருக்கார்."

முனிவேல் குறுக்கிட்டார். "ஏம்மா, இந்தக் கம்பெனியில நைட் ஷிப்ட்காரங்க இருநூறு பேரு இருப்பாங்களே?"

"இருப்பாங்க. ஆனா தினேஷ் பேசக் கூடாதுன்னு நினைக்கிறவங்க நீங்க மூணு பேர்தான். ஆஞ்சப்பன் அன்னைக்கு ரயிலைக் கண்ணால பார்த்தவர். இப்படி எழுதியிருக்க மாட்டார். நீங்க காலண்டர்ல நல்ல நேரம் பார்க்காம கேட்டைத் தாண்டாத ஆளு, வாழ்க்கையில ஒரு ராத்திரி ஷிப்ட் பார்த்ததில்ல. மிச்சம் ஒருத்தர்." மாதேஸ்வரி குனிந்து அழகர்சாமியின் ஷூவைக் காட்டினார். "இந்த வெள்ளைச் சேறு பிரஸ் ஷாப்ல கிடையாது அழகர்சாமி. கிரானைட் அறுக்கிற இடத்துல தண்ணியும் கல்தூளும் கலந்து கிடக்கிறது இது. மூடிக் கிடக்கிற பட்டறையில ஞாயித்துக்கிழமை ராத்திரி எந்த மோட்டார் ரிப்பேர்?"

வெளியே ஷிப்ட் முடியும் சைரன் ஒலித்தது. அழகர்சாமியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை.

"நான் அவனக் கொல்லணும்னு நெனைக்கல மேடம்" என்றார் மெல்ல. "எம் பொண்ணு காலேஜுல கடைசி வருசம். வேலையும் போயி ஜெயிலுக்கும் போனா யாரு பாப்பா? அன்னைக்கு மதியமே அவனுக்குப் போன் பண்ணேன். 'சுசித்ரா மனசு மாறிட்டா, கேஸ் வேணாம்ங்குறா, நீயே வந்து அவ வாயால கேளு'ன்னேன். சீக்கிரமே பர்மிசன் போட்டு பதினொரு மணிக்கெல்லாம் ஓசூரு பஸ் ஸ்டாண்டு வந்துட்டான். என் கார்லதான் பர்கூருக்குப் போனோம். சுசித்ரா அங்க இருக்கான்னு பட்டறைக்குக் கூட்டிப் போனேன். செவ்வாக்கெழம மத்தியானம் வரைக்கும் பூட்டி வச்சிட்டு விட்டுறலாம்னுதான்..."

"அப்புறம்?"

"அவ இல்லைன்னதும் என்னையத் தள்ளிட்டு ஓடப் பாத்தான். நானும் தள்ளுனேன். கல்லுல தல மோதி விழுந்துட்டான். ரத்தம். மயங்கிக் கிடந்தவன் வெரல எடுத்து வச்சுத்தான் போனத் தொறந்தேன். மெசேஜ் போட்டு ஆப் பண்ணிட்டேன். தண்ணி கேன் ஒண்ணு வச்சிட்டு வெளிய பூட்டிட்டேன்."

வினோதா எழுந்து நின்றாள். "இப்ப எப்பிடி இருக்காரு?"

அழகர்சாமி தரையைப் பார்த்தார். "நான் திரும்பிப் போகலம்மா. வர்றப்ப மூச்சு இருந்துச்சு."

அவள் அடிக்கவில்லை, கத்தவில்லை. அவரையே ஒரு நொடி பார்த்தாள். "முப்பது மணி நேரம் ஆச்சு" என்று மட்டும் சொன்னாள்.

எஸ்.ஐ. அழகர்சாமியைத் தன் ஜீப்பில் ஏற்றினார். முதல் ஆளாக வேனைக் கிளப்பியவர் ஆஞ்சப்பன். சூளகிரியையும் கிருஷ்ணகிரியையும் தாண்டி அவர் ஓட்டிய வேகத்தில், இருபது வருடம் பஸ்ஸில் தொங்கிய சென்றாயனே முன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நடுவழியில், "மனசுல வச்சுக்காதீங்க ஆஞ்சப்பா" என்றார். "அப்புறம் பேசலாம் அண்ணே" என்றார் ஆஞ்சப்பன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பட்டறை நெடுஞ்சாலையைவிட்டு உள்ளே தள்ளி இருந்தது. தகரக் கூரை வெயிலில் இப்போதே கொதிக்க ஆரம்பித்திருந்தது. பூட்டுக்குச் சாவி தேடும் பொறுமை யாருக்கும் இல்லை. ஆஞ்சப்பன் ஜாக்கிக் கம்பியால் நெம்பி உடைத்தார். உள்ளே எல்லாமே வெள்ளை. தரை, சுவர், அடுக்கிய கற்கள், எல்லாவற்றின் மேலும் கல்தூள். வினோதா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கற்களுக்கு நடுவில், இன்னொரு கல்லைப்போலத் தூள் மூடிக் கிடந்த உருவத்தை மாதேஸ்வரிதான் முதலில் பார்த்தார். பக்கத்தில் தண்ணீர் கேன் கவிழ்ந்து காலியாகக் கிடந்தது.

வினோதா ஓடி விழுந்து அவன் தலையை மடியில் எடுத்தாள். நெற்றியில் ரத்தம் கறுப்பாக உறைந்திருந்தது. ஆஞ்சப்பன் நீட்டிய பாட்டில் தண்ணீரில் புடவைத் தலைப்பை நனைத்து உதட்டில் பிழிந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை பிழிந்தபோது தொண்டை அசைந்தது.

"மணி என்ன?" என்றான். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

"மணி கேக்கற ஆளப் பாரு!" என்று அவள் அவனைத் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே முகத்தைத் துடைத்தாள். எட்டேகால் என்று சென்றாயன்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்தினார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு நாள் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்றார் டாக்டர். பத்தே முக்காலுக்குத் தினேஷ்குமார் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எழப் பார்த்தான். வினோதா அவன் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தாள்.

"உடு வினோதா. இன்னிக்கும் தடுக்காத" என்றான்.

"யாரு தடுத்தா? படு. நீ போவ வேணாம், நான் போறேன்."

வெறுங்காலோடு போனாள், செருப்பு பட்டறையிலேயே கிடந்தது. விசாரணை அறையில் கம்பெனி வக்கீல், சாட்சி வரவில்லை, முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்தாள். "சாட்சி வந்துட்டாருங்க. ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. எந்திரிக்க முடியல, நீங்க வாங்க" என்றாள். மேற்கொண்டு சொல்ல வேண்டியதை எஸ்.ஐ.யும் மாதேஸ்வரியும் சொன்னார்கள். விசாரணை அதிகாரி கோப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். சுசித்ராவும் கூடவே நடந்தாள்.

கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்த அதிகாரி, பேனாவைத் திறந்து, "அந்த சென்சாரைக் கழட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

தினேஷ்குமார் சுசித்ராவின் வலது கையைப் பார்த்தான். மூன்று மாதத்தில் இப்போதுதான் அவன் அதைப் பார்க்கிறான். பிறகு வினோதாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"சொன்னது யாருன்னு அப்புறம் சொல்றேன் சார்" என்றான். "கழட்டினது நான். மொதல்ல அத எழுதுங்க."